கலீமுல்லா பாய் போட்ட மார்க்

கலீமுல்லா பாயின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கையெழுத்தைத்தான் பார்த்தேன். பார்த்த நிமிடமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1975 ஜூன். ஆம்பூர் கிளை நூலகத்துக்கு என்னை நூலகராகப் போட்டு மூன்றாவது நாள். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். விண்வெளிக் கதை ஒன்றின் கடைசித் தாளில், பின்னட்டையை ஒட்டிய பக்கத்தில், தடித்த பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 3 என்று எண். அதற்குக் கீழே இரண்டு வரி: 'எல்லோரும் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். இந்தக் கிரகத்தில் மாடே கிடையாது. பூட்ஸ் எங்கிருந்து வந்தது?'

அடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். கடலைப் பற்றிய கட்டுரைகள். வட்டம், 2. 'எழுதியவர் கடலைப் பார்த்திருக்கிறார். மீனைப் பார்க்கவில்லை.' அதற்கடுத்தது யாரோ ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு. வட்டத்துக்குள் பெருக்கல் குறி. 'ஐம்பது வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லையாம்.' அன்று மதியத்துக்குள் முப்பத்தெட்டு புத்தகங்களில் அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தேன். ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாளில் நானே ஒரு புத்தகம் எழுதி, அதன் கடைசித் தாளில் அந்த வட்டம் விழாதா என்று மாதக்கணக்கில் தவிக்கப் போகிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், ரப்பரைத் தூக்கி அவர் மேலேயே எறிந்திருப்பேன்.

பன்னிரண்டு புத்தகம் அழித்து முடித்திருந்தபோது நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், மார்க்க அழிச்சிட்டிங்க?"

"எது மார்க்? எவனோ கிறுக்கி வச்சிருக்கான்."

"அது கலீமுல்லா பாய் போட்டதாச்சே. அத்த பாத்துட்டுதான் ஜனங்க புக்கே எடுக்குது. இப்ப வந்து என்னத்தப் பாக்கும்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வேலூர்க்காரி. அப்பா ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் இரண்டே அறை, ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்தால் பத்துப் பேர். நூலக அறிவியல் படித்தால் அமைதியான இடத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் படித்தவள். கிடைத்தது ஆம்பூர். தினமும் காலை வேலூரில் பஸ் ஏறுவேன். மாதனூர் தாண்டியதும் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொள்வேன். தோல் பதனிடும் டேனரிகளின் வாடை அப்படி. ஊறும் தோலும் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்ந்து ஊரையே போர்த்தியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றல் கேட்டு மனு எழுதிப் போடுவேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, செருப்பு. அது மட்டும் அங்கேதான் வாங்குவேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டேனரிகளில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஐந்து நிமிடத்தில் வாசலில் சைக்கிள் சாத்தும் சத்தம். உள்ளே வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நெட்டையான ஆள், கொஞ்சம் கூன். விரல் நுனிகள் பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தன. சட்டைப் பையில் தடித்த பென்சில். நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அவர் நேரே வடக்கு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டே ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பத்து பக்கம் படித்தார். மூடினார். இன்னொன்றை எடுத்தார். நடந்தார். முதல் புத்தகத்துக்கே திரும்பினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கால் வலித்தது.

"கலீமுல்லா நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"இது பொதுச் சொத்து பாய். இப்படியா எழுதி வைப்பீங்க?"

"நான் இன்னா கிழிச்சனா? மார்க்குதானே போட்டேன்."

"புத்தகத்துல எழுதக் கூடாது."

"மேல் பக்கத்துல எழுதினா தப்புதான் மேடம். நான் சதைப் பக்கத்துலதானே எழுதறேன். அது வேலை." அவர் என்னைத்தான் விவரம் தெரியாதவளாகப் பார்த்தார்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவர் ஒரு டேனரியில் அசார்ட்டர். பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, தடவி, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது ஒண்ணாம் நம்பர், இது ரெண்டு, இது மூணு, இது ரிஜக்ட் என்று தரம் பிரிக்கும் வேலை. தரத்தைத் தோலின் உள்பக்கத்தில், அதாவது சதை ஒட்டியிருந்த பக்கத்தில், பென்சிலால் எழுதுவார்கள். அதை யாரும் கிறுக்கல் என்று சொல்வதில்லை. எழுதாவிட்டால்தான் திட்டு விழும். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தோலின் பின்பக்கத்தில் எண் போட்டவர், புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததும் பென்சிலை எடுத்திருக்கிறார். இந்தத் தப்பை ஆம்பூர்க்காரரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

"தனியா ஒரு நோட்டு தர்றேன், அதுல எழுதுங்க" என்றேன்.

"நோட்டுல எழுதினா எந்தத் தோலுக்கு எந்த நம்பர்னு யாருக்குத் தெரியும்? மார்க்கு சரக்கோட போகணும் மேடம்."

மூன்று நாள் சண்டை போட்டோம். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு துண்டுத் தாளை ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். அவர் அதில் எழுதலாம். மேலதிகாரி வந்தால் நான் கிழித்துவிடலாம். விதிமுறைப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் கோவிந்தம்மாள் சொன்னது உண்மை. ஜனங்கள் முதலில் கடைசித் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முதல் தாளுக்கு வந்தார்கள்.

கலீமுல்லா பாயின் அபிப்பிராயங்களைக் கேட்க யாரும் அவரைத் தூண்ட வேண்டியதில்லை. அரை மணி நேரம்தான் அவருக்கு. பன்னிரண்டரைக்கு நான் சாப்பாட்டுக்காக நூலகத்தை மூடுவேன், அவரும் மறுபடி மேஜைக்கு ஓட வேண்டும். அதற்குள் படிக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். நடந்துகொண்டே பேசுவார்.

எல்லாவற்றையும்விட அவர் காமிக்ஸை மதித்தார். நூலகத்தில் காமிக்ஸ் வாங்க அனுமதியில்லை. யாரோ ஒரு வசதியான வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு மூட்டை காமிக்ஸை நன்கொடையாக அனுப்பியிருந்தார்கள். அட்டை கிழிந்து, மூலை மடிந்து கிடந்த அவற்றை நான் எடைக்குப் போடப் பார்த்தேன். பாய் மூட்டையின் மேல் கையை வைத்துவிட்டார்.

"இத்தப் போய் குப்பைன்றீங்களே. நாவல்ல 'அவன் பயந்தான்'னு ஒரு வார்த்தைய எழுதிட்டு ஆளு தப்பிச்சுக்குறாரு. காமிக்ஸ்காரன் அப்படிப் போக முடியாது. அந்தப் பயத்த மூஞ்சியில வரஞ்சு காட்டணும். வரையத் தெரியலன்னா அங்கியே மாட்டிக்குவான். ஒளிக்கவே முடியாத சரக்கு மேடம் இது. தோலு மாதிரி."

"குதிரை மேல போறான், சுடறான், குதிரை மேல போறான். இதுல என்ன இருக்கு?"

"குதிரைக்கு நாலு காலும் சரியா வரஞ்சிருக்கானான்னு பாருங்க. ரெண்டு பேருதான் சரியா வரையுறான். மத்தவன்லாம் புல்லு போட்டு மறச்சிடறான்."

அன்று அவர் போன பிறகு மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நிஜமாகவே புல்தான். பக்கத்துக்குப் பக்கம் குதிரையின் குளம்பு தெரியாமல் புல். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சொன்னது சரியாக இருந்ததில் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

கட்டுரைப் புத்தகங்களை அவர் நம்பவே மாட்டார். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எந்தப் புத்தகமானாலும் தனக்குத் தெரிந்த விஷயம் வரும் பக்கத்தை முதலில் தேடுவார். இந்தியத் தொழில்களைப் பற்றி ஒரு கனமான புத்தகம் வந்திருந்தது. நல்ல தாள், புகைப்படங்கள் எல்லாம் இருந்தன. அதில் தோல் பதனிடுவது பற்றி ஒன்றரைப் பக்கம். சுண்ணாம்புக் குழியில் ஒரே நாளில் மயிர் உதிர்ந்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. அதற்கு நாட்கணக்கில் ஆகும் என்று பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார்.

"ஒரு பக்கம் தப்புன்னா முழு புத்தகத்தையும் ரிஜக்ட் பண்ணுவீங்களா? மத்த முந்நூறு பக்கம்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பக்கமே தப்பு மேடம். தெரியாத முந்நூறு பக்கத்த எந்த தைரியத்துல நம்பறது?"

அன்றிலிருந்து எந்தக் கட்டுரைப் புத்தகத்தைத் திறந்தாலும் நூலகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுகிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆனால் அவருக்கு உள்ளுக்குள் பித்து விண்வெளிக் கதைகள் மேல்தான். ஒன்று விடமாட்டார். எதற்கும் மூன்றைவிட நல்ல நம்பர் போடவும் மாட்டார். ராக்கெட்டில் இருக்கைகள் தோலா ரெக்சினா என்று கேட்பார். இரண்டாயிரம் பேர் போகிற கப்பலில் யார் கூட்டுகிறார்கள் என்பார். முக்கியமாக, யாருக்கும் எந்த வாடையும் அடிப்பதில்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை.

"புது கிரகத்துல போய் இறங்கறான். கதவத் திறக்குறான். 'ஆஹா, இன்னா அழகு'ன்றான். மூக்கு எங்க போச்சு? இந்த ஊருல பஸ்ஸ விட்டு எறங்கறவன் மொதல்ல இன்னா பண்றான்? நீங்க இன்னா பண்றீங்க?"

நான் கைக்குட்டையை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"அப்புறம் எதுக்கு அதையே படிக்கறீங்க?"

பென்சிலால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "நான் நம்பர் போட்ட தோலு லண்டன் போவுது மேடம், ஜெர்மனி போவுது. கப்பல்ல போவுது. நான் இந்தப் பக்கம் காட்பாடி, அந்தப் பக்கம் ஜோலார்பேட்டை. அவ்ளோதான். எவனாவது ஒருத்தன் தூரமா போனா கூடவே போய் பாக்கணும்னு இருக்குது. போனவன் ஒழுங்கா பாத்து எழுத மாட்டேன்றான், அதான் பேஜாரு."

அவருக்கு இருப்புக்கொள்ளாததன் காரணம் அன்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இருந்த வியாதியும் அதுதான். நான் மனு எழுதினேன், அவர் மார்க் போட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு கஷ்டமும் அவருக்கு இருந்தது. அவருடைய டேனரிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எங்கள் நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான். மற்ற நாளில் வேலை முடிந்து வந்தால் வெளிச்சம் போய்விடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அவர் படிக்க மாட்டார். அதில் தோலும் பொய் சொல்லும், புத்தகமும் பொய் சொல்லும் என்பார். ஒரு சீட்டுக்கு ஒரு புத்தகம்தான் கொடுக்கலாம். வியாழக்கிழமை எடுத்துப் போகும் புத்தகத்தை வெள்ளி காலையிலேயே முடித்துவிடுவார். அதன்பிறகு ஒரு முழு நாளும் முழு வெளிச்சமும் கையில் இருக்கும், புத்தகம் இருக்காது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1979 வாக்கில் நானும் ஒரு விண்வெளி நாவல் எழுத ஆரம்பித்தேன். கலீமுல்லா பாய் எல்லாவற்றுக்கும் மூன்று போடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒன்று வாங்கிக் காட்டுகிறேன் என்ற ரோஷம். வீட்டில் எழுத இடமில்லை. நூலகச் சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் 'ஸ்டாக் சரிபார்க்கணும்' என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஆம்பூர் வருவேன். பின்கதவைத் திறந்து உள்ளே போய், வடக்கு ஜன்னலைச் சாத்தியபடியே வைத்து, அதன் இடுக்கு வெளிச்சத்தில் மேஜை போட்டு எழுதுவேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கென்று ஓர் அறை இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணியளவில் வாசலில் சைக்கிள் சாத்தும் சத்தம் கேட்டது. கதவை இரண்டு தட்டு தட்டினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கலீமுல்லா பாய், கையில் படித்து முடித்த புத்தகம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சிறிது நேரம் நின்றார். பூட்டைப் பார்த்தார். புத்தகத்தை மறுபடி கேரியரில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

திறந்திருக்கலாம். திறந்தால் என் அறை போய்விடும் என்று பயந்தேன். அதன்பிறகும் பல வெள்ளிக்கிழமை அவர் வந்தார். தட்டவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போவார். நானும் ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டுச் சிலையாக இருந்தேன்.

1982 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் நாவலைப் போட்டது. அலுவலக அனுமதி இல்லாமல் எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால் பா. நித்திலன் என்று ஓர் ஆண் பெயர். 'நிழலற்ற கோள்' என்று தலைப்பு. ஒரு பிரதியை நன்கொடை என்று பதிந்து, எண் போட்டு, கடைசியில் துண்டுத் தாள் ஒட்டி, விண்வெளி அலமாரியில் அவர் கண்ணுக்குப் படும் உயரத்தில் வைத்தேன்.

இரண்டாம் நாளே எடுத்துவிட்டார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை திருப்பிக் கொடுத்தார். அவர் படியிறங்கும்வரைகூடப் பொறுக்காமல் கடைசித் தாளைப் பிரித்தேன். ஒன்றுமே எழுதவில்லை. வெறும் தாள்.

ஏழு வருஷத்தில் அவர் மார்க் போடாமல் விட்ட புத்தகம் அது ஒன்றுதான். ரிஜக்ட் என்று பெருக்கல் குறி போட்டிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். மறுநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நேத்து குடுத்த புத்தகத்துக்கு மார்க் காணோமே பாய்?"

"பாத்துனு இருக்கேன் மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் போனார். மறுபடி வெறும் தாள். அந்தச் சமயத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பாலாற்றைப் பற்றித் தான் எழுதிய சின்னப் புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுக்க வந்தார். பாயின் பெருமையைக் கேள்விப்பட்டு, "மார்க் போடுங்களேன்" என்று பக்கத்திலேயே நின்றார். பாய் பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டார். "சரக்குக்காரப் பார்ட்டி எதிர்ல நின்னா நாங்க நம்பர் போடறதில்ல சார். மூஞ்சியப் பாத்தா கை மாறிடும்." அந்த ஆசிரியர் போன பிறகு பாய் போட்டார், 2. நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் மண்டையில் ஏறவில்லை.

பதினெட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு மதியமும் சங்கு ஊதியதும் வாசலையே பார்ப்பேன். அவர் அந்த அலமாரிப் பக்கம் போனால் நான் பேரேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். என்ன மார்க் என்று தெரிந்தால்தான் அடுத்த நாவல் எழுதலாமா, இல்லை இந்த ஆசையை மூட்டை கட்டி வைக்கலாமா என்று தெரியும். வேறு யார் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. பதிப்பாளர் 'நன்றாக விற்கிறது' என்று கார்டு போட்டார். அவருக்கு என்ன தெரியும், அவர் குதிரையின் காலைப் பார்த்தவரா?

1983 செப்டம்பரில், எட்டு வருஷம் மனு போட்டதற்குப் பலனாக, காவேரிப்பாக்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சனிக்கிழமை பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் பாயிடம் சொன்னேன். வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டுவிட்டேன்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும். 'நிழலற்ற கோள்' என்ன நம்பர்?"

அவர் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த கிரகத்துல ஒரு நாளுன்றது நாப்பது மணி நேரம். வாரமே கெடையாது. சூரியனே வேற. சரிதானே?"

"சரி."

"நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல ஒருத்தன் ஆவணக் கூடத்துக்குப் போறான். வெள்ளிக்கிழமைன்றதால பூட்டியிருக்குதுன்னு எழுதியிருக்கு. கதவாண்ட நின்னு பாத்துட்டு திரும்பிப் போறான்." அவர் சிரித்தார். "வானத்துல எந்த ஊருல மேடம் வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன், அச்சுப் பிழை பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை என் கண்ணில் படவேயில்லை. நூலகம் என்று நினைத்தாலே வெள்ளி விடுமுறை என்று கை தானாக எழுதியிருக்கிறது.

"மொத வாட்டி படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு, எழுதினது யாருன்னு. பார்ட்டி எதிர்லியே உக்காந்துனு இருக்குது. நான் எப்படி நம்பர் போடறது? நீங்க போனப்புறம் போடறேன்."

"அந்தக் கதவுகிட்ட நிக்கிற ஆளு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மேடம். ஃபேன் ஓடற சத்தம் வெளிய கேக்கும்." அவர் எழுந்து சைக்கிளை எடுக்கப் போனார். "உள்ள யாரோ வேலை செய்றாங்க, தொல்லை பண்ணக் கூடாதுன்னுதான் மறுபடி தட்டல."

நாலு வருஷமாக அவரை வெளியே நிறுத்தி வைத்ததற்கு நான் அன்று கூசிப் போனேன். மறுநாள் வெள்ளி. எட்டு மணிக்கே போய் முன்கதவை அகலத் திறந்து வைத்தேன். வடக்கு ஜன்னலையும் திறந்தேன். விதிப்படி தப்பு. பரவாயில்லை, ஒரு நாளைக்குப் பிறகு நான் காவேரிப்பாக்கத்துக்காரி. பத்து மணிக்குச் சைக்கிள் வந்தது. திறந்த கதவுக்கு வெளியே வழக்கம்போல நின்றார்.

"உள்ள வாங்க பாய். இன்னிக்கு முழு நாளும் உங்களுக்குத்தான்."

இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அந்த மனிதர் காமிக்ஸ் மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தார். ஜும்மா தொழுகைக்கு மட்டும் எழுந்து போய் வந்தார். வெளிச்சம் போகும்வரை குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்மேஜையில் உட்கார்ந்து ஒப்படைப்புப் பட்டியல் எழுதினேன். மற்ற நேரத்தில் அவர் ஒரு தடவைகூட எழுந்து நடக்கவில்லை.

காவேரிப்பாக்கம் நான் எட்டு வருஷம் கேட்ட ஊர் மாதிரியே இருந்தது. ஏரிக் காற்று, துப்புரவான தெரு. கைக்குட்டைக்கு வேலையில்லை. அங்கேயும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது நாவலை ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்தேன். புது கிரகத்தில் ஆட்கள் இறங்குவார்கள், ஆஹா என்ன அழகு என்பார்கள், எனக்கே கசக்கும். அந்த மார்க் தெரியாமல் ஒரு வரி நகரவில்லை. இரண்டு வருஷம் ரோஷத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். 1985 நவம்பரில் வாணியம்பாடியில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். பாதி வழியில் ஆம்பூரில் இறங்கிவிட்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

புதிய நூலகர் ஒரு பையன் மாதிரி இருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். விண்வெளி அலமாரியில் 'நிழலற்ற கோள்' அதே இடத்தில் இருந்தது. முதுகு நைந்து, காடா துணி ஒட்டியிருந்தது. கடைசித் தாளைப் பிரித்தேன். வட்டம். வட்டத்துக்குள் 3.

கீழே: 'நூற்றுப் பதினெட்டாம் பக்கம் மட்டும் 1. மற்ற பக்கங்களில் வாடை இல்லை.'

அங்கேயே நின்றபடி ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் முட்டியது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு இரண்டு போடக் கூடாதா? புத்தகத்தை வைக்கப் போனவள், பழக்கதோஷத்தில், உறையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். யார் யார் எடுத்தார்கள் என்று உறுப்பினர் எண் எழுதும் அட்டை. பதினாலு பேர் எடுத்திருந்தார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நான் போன பிறகு மட்டும் ஒரே எண் ஒன்பது இடத்தில் இருந்தது. 412. அது யாருடைய சீட்டு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கு ஜன்னலுக்குப் போனேன். இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஒரு காமிக்ஸை மூக்குக்கு அருகில் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று பேசிய பிறகுதான் அவருக்கு யாரென்று தெரிந்தது.

"மேடம்! எப்ப வந்தீங்க?" என்று பதறி எழுந்தார். "கண்ணு மக்கர் பண்ணுது. டேபிள்லேர்ந்து எடுத்துட்டாங்க. இப்ப குடோன்ல கட்டு எண்ணினு இருக்கேன்."

முப்பது வருஷம் கண்ணால் பிழைத்த மனிதர். அதைக் கேட்ட பிறகும் என் வாயிலிருந்து வந்தது என் விஷயம்தான். நான் அப்படிப்பட்டவள்.

"மூணா பாய்?"

"மூணுதான் மேடம்." கொஞ்சமும் தயங்கவில்லை.

"அப்ப எதுக்கு ஒன்பது தடவை எடுத்தீங்க? அந்தப் பொடி எழுத்த, இந்தக் கண்ண வச்சுக்கிட்டு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். பதில் தெரிந்த கேள்வியை நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

"ஒண்ணாம் நம்பர் தோலெல்லாம் கப்பலேறிப் போய்டுது மேடம். நாம கால்ல போட்டுனு நடக்கறது இன்னா? மூணாம் நம்பர்தான்."

சொல்லிவிட்டு மறுபடி குதிரைகளுக்குத் திரும்பிவிட்டார். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். ஆம்பூரில் வாங்கிய பழைய செருப்பு. அறுந்த வாரை இரண்டு முறை தைத்திருந்தேன். அந்த ஊரை எட்டு வருஷம் திட்டியபடி நான் நடந்ததெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான்.